மேட்னியில் மட்டும் வந்த வாட்ச்மேன்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் நடந்தது இது. அதற்கப்புறம் நானே எடிட்டராகி, எத்தனையோ படங்கள் செய்து, விருது கூட வாங்கிவிட்டேன். ஆனால் அன்றைக்கு ஒரு மேட்னி ஷோ முடிவதற்குள் நான் பட்ட பாட்டை வேறு எந்த நாளும் பட்டதில்லை.

அப்போது நான் ஒரு எடிட்டரிடம் உதவியாளர். சிட்லபாக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தேன். புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சினிமாவில் இருக்கிறார் என்று சொல்ல மாமனாருக்குக் கூச்சம். கேட்பவர்களிடம் "போட்டோ சம்பந்தப்பட்ட வேலை" என்று மழுப்பிக்கொண்டிருந்தார். டைட்டிலில் என் பெயரைப் பார்த்தால்தான் அவர் வாய் திறக்கும். அடுத்த படத்தில் பெயர் போடுகிறேன் என்று எடிட்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் மனைவியும் காலம் தள்ளினோம்.

இந்த நிலைமையில் நாங்கள் வேலை செய்த படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆனது. சனிக்கிழமையே "இடைவேளைக்கு அப்புறம் இழுக்குது" என்று பேச்சு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இதற்கு ஒரே வைத்தியம்தான். கத்திரியையும் ஸ்ப்ளைசர் என்கிற ஒட்டும் கருவியையும் எடுத்துக்கொண்டு தியேட்டர் தியேட்டராகப் போய், ஓடிக்கொண்டிருக்கிற பிரிண்டிலேயே வெட்டி ஒட்டிவிட்டு வர வேண்டும். மூன்று சீன்களை எடுத்துவிடச் சொல்லி எங்களை ஆளுக்கொரு திசையில் அனுப்பினார் எடிட்டர். வீடு அந்தப் பக்கம் என்பதால் தாம்பரம் என் தலையில் விழுந்தது. "புரொடக்‌ஷன் மேனேஜர் அங்கே வந்து உட்கார்ந்து ஜனம் எப்படி பார்க்குதுன்னு கவனிப்பார், ஜாக்கிரதை" என்று வேறு எச்சரித்திருந்தார்.

காலைக்காட்சி முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தியேட்டர் வாசலில் ஒரு பெரிய கும்பல். பெண்கள், குழந்தைகள், வேட்டி கட்டிய பெரியவர்கள். நடுவில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் எல்லோருக்கும் டிக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எடிட்டிங் ரூமில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு முகத்தை எடிட்டிங் மெஷினின் சின்னத் திரையில் முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டி, கணக்கில்லாமல் பார்த்திருப்போம். வசனம் பேசுவதற்கு முன்னால் அவர் எச்சில் விழுங்குவது வரை நமக்குத் தெரியும். அவருக்கோ நாம் யாரென்றே தெரியாது. இவர் எங்கள் படத்தில் ஆஸ்பத்திரி வாட்ச்மேனாக வந்தவர். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு ஓடி வருகிற கதாநாயகியைக் கேட்டில் மறித்து அதட்டுவார். அப்புறம் அவள் செருப்பில்லாமல் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "போம்மா. யாராவது கேட்டா நான் தூங்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்று கேட்டைத் திறந்து விடுவார். படத்தில் அவருக்கு இருந்தது அந்த ஒரே சீன்தான்.

நான் வெட்ட வேண்டிய மூன்றாவது சீனும் அதுதான்.

"என்னப்பா நடிகரே, நீ வர்றப்போ நாங்க தூங்கிட்டா?" என்று யாரோ சீண்டினார்கள். "இடைவேளைக்கு அப்புறம்தான் வருவேன். ஒருத்தரும் எழுந்து பாத்ரூம் போயிடாதீங்க" என்றார் அவர், நிஜமான கவலையோடு. பேச்சிலிருந்து அவர் பெருங்களத்தூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறவர், தெருவையே திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திருடன் மாதிரி ஓரமாக நழுவி மாடிக்கு ஏறினேன்.

மேலே ஆபரேட்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? வெட்றதுன்னா வெட்டு, இல்லாங்காட்டி உடு. எனுக்கு ரீலு ஓடணும், அவ்ளோதான்" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முதல் இரண்டு சீன்களை மளமளவென்று எடுத்துவிட்டேன். அந்த மூன்றாவது மட்டும் கடைசிப் பக்க ரீலில் இருந்தது. அது ஓட இன்னும் நேரம் இருந்தது. எடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தியேட்டர் மேனேஜர் ரூமுக்கு ஓடி போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவரும் கத்திரியோடு வேறு எங்கோ ஒரு தியேட்டரில் இருந்திருப்பார்.

படம் தொடங்கிவிட்டது. ரீலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீனை எடுத்தால் கீழே அந்த மனிதரின் மானம் போகும். எடுக்காவிட்டால் என் வேலை போகும், டைட்டில் போகும், வீட்டில் சொல்லவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தேன். கதாநாயகி அழுதுகொண்டு நிற்பது, கேட்டைத் தாண்டி நடப்பது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வாட்ச்மேனை மட்டும் விட்டேன். பிரிண்டில் சத்தம் படத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பதிவாகியிருக்கும். கண்ட இடத்தில் வெட்டினால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அதனால் யாரும் பேசாத இடமாகத் தேடித் தேடி வெட்டினேன். கை வியர்த்து ஃபிலிம் வழுக்கியது. ஒட்டு விட்டுப்போய்ப் படம் அறுந்தால் ஜனம் சீட்டைக் கிழித்துவிடுமே என்ற பயம் வேறு.

இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நம்ம கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அந்த ரீல் ஏறியது. புரொஜெக்டர் பக்கத்தில் இருந்த சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்தேன். திரையில் அவர் முகம் வந்தது. ஒரு விசில் கிடையாது, கைதட்டல் கிடையாது. அவர் வீட்டு வரிசை மூச்சே விடாமல் இருந்தது. திடீரென்று ஒரு குழந்தை, "ஐ! அப்பா டோய்!" என்று கத்தியது. தியேட்டரே கொல்லென்று சிரித்தது. படத்திலேயே சோகமான கட்டம் அது! அவரைத் தேடினேன். திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, தன் பெண்டாட்டி பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டு வந்தவர் தன் சீனைத் தானே பார்க்கவில்லை.

பால்கனியில் புரொடக்‌ஷன் மேனேஜரின் சீட் காலியாகியிருந்தது. அடுத்த நிமிடம் படியில் தடதடவென்று சத்தம்.

"யோவ், மூணு சீன் எடுக்கச் சொன்னா ரெண்டுதான் எடுப்பியா? அழுற இடத்துல சிரிக்கிறான்யா ஜனம்! அந்த ரீல எடு. என் கண்ணு முன்னாடி வெட்டு." காரணம் சொல்ல வாயெடுத்தேன், அவர் கேட்கிற நிலையில் இல்லை. ஓடி முடிந்து இறங்கிய ரீலை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க வாட்ச்மேனை வெட்டினேன். "உன் எடிட்டர்கிட்ட பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷோ முடிந்து, வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினால், படியடியில் அந்த வெள்ளைச் சட்டைக்காரரே நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க ஆபரேட்டர் ரூமா? நான்தான் சார் அந்த வாட்ச்மேன்." முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கு எங்க ஷிஃப்ட் ஆளுங்க எல்லாம் வர்றாங்க. என் சீன் வர்றப்போ சவுண்டை மட்டும் லேசா ஏத்தி வெக்கச் சொல்லுங்க சார். இன்னைக்குப் பாப்பா கத்தினதுல டயலாக் யாருக்கும் கேக்கல."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கு நான் தப்பித்திருப்பேன். ஆனால் மறுநாள் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் அவர் பொய்யன் ஆகியிருப்பார். மென்று விழுங்கிக் கடைசியில் சொல்லிவிட்டேன். "அண்ணே, நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வராதீங்க. அந்த சீனை எடுத்துட்டோம்."

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. அதை என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை போல. அப்படியே கேட்டார். "நல்லா இல்லையா சார், நான் பண்ணினது?"

என்னை யாராவது நாலு அறை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. "ரொம்ப நல்லா பண்ணியிருந்தீங்கண்ணே. படம் நீளமாப் போச்சு, அதான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனாலும் பொய் மாதிரியே ஒலித்தது. பையில் இருக்கிற துண்டையாவது கொடுத்துவிடலாமா என்று கை போனது. வெட்டியதை எல்லாம் ஆபீசில் ஒப்படைத்தாக வேண்டும். கையை எடுத்துக்கொண்டேன்.

வாசலில் அவர் குழந்தை இடுப்பில் கை வைத்து அப்பாவைப் போல அதட்டிக் காட்ட, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். "இவங்க பார்த்துட்டாங்க இல்ல சார். ஃபேக்டரியில நான் எதையாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன். இவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." பிறகு நான் எவ்வளவு மறுத்தும் கேட்காமல், கையைப் பிடித்து இழுத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் மனைவி வெட்கத்தோடு கேட்டார்: "எங்க வீட்டுக்காரர் எப்படி நடிச்சிருக்கார், பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேங்க. நிறைய தடவை பார்த்தேன்" என்றேன்.

மறுநாள் எடிட்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேலை போகவில்லை, டைட்டில் ஒரு படம் தள்ளிப் போனது. மாமனாரும் இன்னொரு படம் வரும்வரை "போட்டோ சம்பந்தப்பட்ட வேலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாட்ச்மேனை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

இன்றைக்கும் நான் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுகிறவன்தான், படம் நன்றாக வர வேறு வழியில்லை. எனக்கு விருது கொடுத்தவர்கள் நான் படத்தில் வைத்ததைப் பார்த்துக் கொடுத்தார்கள்; நான் எடுத்துப் போட்டதில் யார் யார் இருந்தார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அவர்களில் யாராவது எதிரே வந்து "நல்லா இல்லையா சார்?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் இன்னும் என்னை விடவில்லை.