கூட்டாத தரை

சலூன்காரரோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன் தலையைப் பார்த்தால் தெருவே சிரிக்கும். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற மனிதர் வீட்டிலேயே இருக்க, அவர் மட்டும் மார்க்கெட் முனையில் இருக்கிற வேறொரு கடைக்குப் போய் எலி கடித்த மாதிரி வெட்டிக்கொண்டு வருவார்.

"என்னண்ணே, வீட்டு ஆளுக்கே உங்க கை மேல நம்பிக்கை இல்லையா?" என்று வாடிக்கையாளர்கள் சீண்டுவார்கள்.

"என் வாயைத் தாங்குறதே அவருக்குப் பெரும்பாடு. கையையும் வேற தாங்கணுமா?" என்பார் சலூன்காரர். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். உண்மை என்னவென்றால், எலக்ட்ரீஷியன் தலையில் கைவைக்க அவருக்குத்தான் துணிச்சல் இல்லை.

அப்போது இருவருக்கும் இளவயது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வது குற்றம் என்று சட்டமே சொன்ன காலம். சலூன் அப்போது கடைவீதியில், ஓனரின் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வார விடுமுறை அன்று ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். வெளியே கொக்கியில் ஈரத் துண்டு தொங்கினால், உள்ளே வரலாம் என்று அர்த்தம். ஒரு நர்ஸ் வருவாள், அவளுடைய தோழி வருவாள். ஒரு கணக்கு வாத்தியார் வருவார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைகள் வருவார்கள். டீயைக் குடித்துக்கொண்டே, இந்த வாரம் யாரைப் போலீஸ் பிடித்தது, யாரை ஜாமீனில் எடுப்பது, ஊர்வலம் போனால் யார் முகத்தை மூடாமல் முன்னால் நடப்பது என்று பேசுவார்கள். அந்த ஊரில் உரிமை என்ற சொல்லை அவர்கள் முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னது அங்கேதான். சொன்ன கையோடு ஷட்டரையும் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒருநாள் ஷட்டர் தானாக மேலே போனது. ஓனர் நின்றார். பின்னால் போலீஸ்.

எலக்ட்ரீஷியனுக்கு அப்போது தோள்வரைக்கும் முடி. சலூன்காரரே பார்த்துப் பார்த்து வளர்த்துவிட்டது. அதிகாரி அதைப் பிடித்து இழுத்து, நாற்காலியில் உட்காரவைத்தான். மெஷினை எடுத்துச் சலூன்காரர் கையில் திணித்தான்.

"உன் ஆளுதானே? நீயே மொட்டை அடி."

அடித்தார். வேறென்ன செய்வது, நர்ஸின் கழுத்தில் லத்தி இருந்தது. எல்லாரையும் வேனில் ஏற்றும்போது ஓனர் மூலையிலிருந்து துடைப்பத்தைத் தேடி எடுத்து நீட்டினார்.

"தரையைக் கூட்டிட்டுப் போ."

கூட்டினார். அதைத்தான் அவரால் இன்றுவரை தனக்குத்தானே மன்னிக்க முடியவில்லை. மறுநாள் சாமான்கள் தெருவில் கிடந்தன. ஒரு நாற்காலியைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதன்பிறகு ஊர்வலங்கள், வழக்குகள், அடிகள் எல்லாம் போய், ஒருவழியாகச் சட்டமும் மாறியது. வாத்தியார் அதைப் பார்க்கவில்லை, ஜெயிலிலிருந்து வந்த மறுவாரமே தூக்கில் தொங்கிவிட்டார்.

இப்போது அந்த நாற்காலியைக் கேட்டுத்தான் ஒரு வக்கீல் பெண் வந்தாள். துடியான பெண். அவளும் அவள் தோழர்களும் பழைய சலூன் இருந்த இடத்திலேயே ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். வெளிச்சுவரில் 'நம் போராட்டம் தொடங்கிய இடம்' என்று கல்வெட்டு. சலூன்காரர் நாற்காலியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தானே ஆட்டோவில் ஏற்றிவிட்டார். போஸ்டரைப் பிறகுதான் பார்த்தார். கல்வெட்டைத் திறந்துவைப்பவர்: ஓனர்.

நேரே அவள் அலுவலகத்துக்குப் போனார்.

"யாரும்மா இந்த ஆளைக் கூப்பிட்டது?"

"நாங்கதான் அங்கிள். அந்தக் காலத்துலயே உங்களுக்கு இடம் குடுத்தவர்னு..."

"யார் சொன்னா?"

"அவரேதான்."

நடந்ததைச் சொன்னார். அவள் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"எங்க தப்புதான் அங்கிள். உங்களைக் கேட்டிருக்கணும். ஆனா சுவர் அவரோடது. இப்போ வேண்டாம்னு சொன்னா கல்வெட்டே கிடையாது. வாத்தியார் பேரு, நர்ஸ் அக்கா பேரு எல்லாம் அதுல இருக்கு. ஒருநாள் மட்டும் பொறுத்துக்கோங்களேன்?"

வீட்டுக்கு வந்து சலூன்காரர் பாத்திரங்களைக் கழுவினார். கழுவினார் என்பதைவிட அடித்தார் என்று சொல்லலாம்.

"என்ன முடிவு பண்ணின?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அந்தப் பொண்ணு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கல்லுல பேராவது நிக்கும்."

"யோவ், நாற்காலியைக் குடுத்தே, சரி. வாயையும் சேர்த்துக் குடுத்துட்டியா?"

தட்டு ஒன்று கைதவறி உடைந்தது.

விழாவன்று கடை நிறையக் கூட்டம். நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, 'அமர வேண்டாம்' என்று அட்டை வைத்திருந்தார்கள். ஓனருக்குத் தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. மைக்கைப் பிடித்தவர் விடுவதாக இல்லை.

"இவங்க எல்லாம் என் பிள்ளைங்க மாதிரி. ஊரே எதிர்த்தப்போ நான் ஒருத்தன்தான் கதவைத் திறந்துவிட்டேன்..."

மைக் செத்தது. விளக்கும் போய், வாசல் வழியாக வந்த பகல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. சலூன்காரர் திரும்பிப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் சுவரோரம் ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் நின்றார். அந்த இடத்துக்கு ஒயரிங் செய்ததே அவர்தான்.

பிறகு கயிற்றைத் தாண்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டுய்யா. இத்தனை வருஷமா அந்த மார்க்கெட் கடைக்காரன் என்னைப் படுத்தினது போதும்."

சலூன்காரரின் பையில் கத்தரி எப்போதும் இருக்கும். எடுத்தார்.

"கதவைத் திறந்தது வாஸ்தவந்தான் சார்," என்றார். மைக் தேவைப்படவில்லை. "போலீஸுக்குத் திறந்தீங்க. இதே நாற்காலியில இவரைப் பிடிச்சு உக்காரவெச்சு என் கையாலயே மொட்டை அடிக்க வெச்சாங்க. நீங்க பார்த்துக்கிட்டே நின்னீங்க. அப்புறம் கூட்டச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் பழைய கதை. அன்னைக்குச் சட்டம் அப்படி இருந்துச்சு."

"துடைப்பத்தைத் தேடி எடுத்து நீட்டினது சட்டமா சார்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் நர்ஸ் எழுந்து நின்றாள். "நான் பார்த்தேன்," என்றாள். "என் கழுத்தைக் கேளுங்க."

"என் சுவர்ல ஒரு ஆணி அடிக்கக்கூடாது! எல்லாத்தையும் இப்பவே காலி பண்ணுங்க!" ஓனர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சுவரில் பதிக்கக் காத்திருந்த கல்வெட்டு துணி போர்த்தியபடி தரையிலேயே இருந்தது.

சலூன்காரர் வக்கீல் பெண்ணைப் பார்த்தார். "கெடுத்துட்டேன்மா."

அவள் 'அமர வேண்டாம்' அட்டையைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் நடந்ததை எழுத ஆரம்பித்தாள். "அந்த அதிகாரி பேரு என்ன அங்கிள்?"

சொன்னார். சொல்லிக்கொண்டே வெட்டினார். காதோரம் மிச்சமிருந்த நரைமுடி சிமெண்ட் தரையில் உதிர்ந்தது. முடித்ததும், நல்லெண்ணத்தில் ஒரு பையன் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தான்.

"வைடா அதைக் கீழ," என்று சலூன்காரர் போட்ட சத்தத்தில் அவன் துடைப்பத்தைக் கைநழுவவிட்டான். "ஒருத்தரும் கூட்டக்கூடாது. அந்த ஓனர் வந்து கூட்டட்டும்."