நஸீறா பிடித்த நோன்புகள்

நூஹுவுக்கு வாய் நீளம். வயல் விளைந்தாலும் ஊருக்குச் சொல்வார், வெள்ளம் கொண்டுபோனாலும் சொல்வார். சவளக்கடைப் பக்கம் ஐந்து ஏக்கர் வயல் செய்கிற மனிதர். குடியிருப்பு சாய்ந்தமருதில், மனைவி நஸீறாவின் வீட்டில். கடைசி இரண்டு வருடமும் அவர் வாயில் நெல்லைவிட அதிகம் அடிபட்டது நஸீறாவின் நோன்புதான். பள்ளிவாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில்கூட யாரையாவது பிடித்துக்கொள்வார். "எங்கட ஊட்ட திங்களும் வியாழனும் பகல் சோறு எனக்கு மட்டுந்தான்" என்பார்.

அந்த நோன்புகளுக்கு முன்னாலேயே நஸீறாவுக்கு வயிற்றுக்குத்து வந்துவிட்டது. சோறு தின்று அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடிக்கும். வாயு என்றார்கள். ஓமத்தண்ணீர் குடித்தாள், உள்ளியும் இஞ்சியும் இடித்துக் குடித்தாள், மௌலவி ஓதிக் கொடுத்த தண்ணீரையும் குடித்தாள். நூஹு பாமசியில் கெஸ்ட்ரிக் குளிசை அட்டை அட்டையாக வாங்கி வந்தார். நஸீறா ஒன்றுக்கும் முறைப்பாடு சொல்கிற பெண் இல்லை. வயலில் கதிர் அறுக்கிற வெட்டுக்காரர் பத்துப் பேருக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டு, மகள் ஸப்னாவுக்குச் சீதன வீடு கட்டுகிற மேசன்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள். குத்து வந்தால் குசினிச் சுவரில் சாய்ந்து நிற்பாள், அவ்வளவுதான்.

ரமழான் வந்தது. பகல் முழுக்கக் குத்து எட்டிப் பார்க்கவில்லை. பெருநாள் முடிந்ததும் ஆறு நோன்பு பிடித்தாள். பிறகு திங்களும் வியாழனும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.

"குத்து எப்பிடிப் புள்ள?"

"நோன்பு வெச்சா இல்ல."

நூஹுவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நோன்பே மருந்து என்று அவர் நம்பினார், ஊரையும் நம்பவைத்தார். பக்கத்து வீட்டுச் சரீபாகூட இவளைப் பார்த்து வியாழன் நோன்பு தொடங்கினாள். நஸீறா மெலிந்தபோது மார்க்கப் பேணுதல் என்றார்கள். முகம் வெளிறியபோது இறைவனின் ஒளி, நூர் இறங்கியிருக்கிறது என்றார்கள். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழமும் அரைக் கோப்பைக் கஞ்சியும்தான் அவள் நோன்பு திறப்பு. மிச்சச் சோறு கோழிகளுக்குப் போனது. அதையும் நூஹு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்ன சொல்ல!

ஒருநாள் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனவள் பைப்படியில் விழுந்தாள். கறுப்பாக வாந்தி எடுத்திருந்தாள், கோப்பி மண்டி மாதிரி. ஸப்னா அழுத அழுகையில் அன்றைக்கே கல்முனையில் டொக்டர் நல்லரெத்தினத்திடம் கொண்டுபோனார்கள்.

"சாப்பிட்டாப் பிறகு நோகுதா, வெறும் வயித்தில நோகுதா?" என்று டொக்டர் கேட்டார்.

நஸீறா வாய் திறக்கும் முன் நூஹு முந்திக்கொண்டார். "டொக்டர், இவ ஒருநாள் உட்டு ஒருநாள் நோன்பு. நோன்பு வெச்சா ஒரு குத்தும் இல்ல." அந்த இடத்திலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். நூஹுவைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, சாப்பிடப் பயந்துதானே சாப்பிடாம இருந்தீங்க?"

நஸீறா நிலத்தைப் பார்த்தபடி, "ஓம்" என்றாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் ரிப்போட் வந்தது. இரைப்பையில் புற்றுநோய், ஈரலையும் தொட்டுவிட்டது. ஒரு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேரிடம் பெருமையடித்தோம் என்று நூஹு எண்ணிப் பார்த்தார். எண்ணி முடியவில்லை.

அடுத்த ரமழானின் முதல் நாள். டொக்டர் நோன்பு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நூஹு நோன்போடு இருந்து, லுஹர் தொழுகைக்குப் பிறகு பகலில் கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். நஸீறா கரண்டியைக் கையால் தடுத்தாள்.

"ஸப்னாட வாப்பா, ஒண்டு கேப்பன். அந்த நோன்பெல்லாம் கபூலாகுமா, அல்லாஹ் ஏத்துக்குவானா? மனசால நிய்யத்து வெச்சன்தான். ஆனா சோத்துக்குப் பயந்துதானே புடிச்ச நான்."

நோய் தெரிந்த நாளில்கூட அவள் இப்படி அழவில்லை. மார்க்கம் படித்தவர் இல்லை நூஹு, ஆனாலும் சொன்னார்.

"கபூலாகும் புள்ள. குத்தம் எண்டா அது என்டது."

"அப்ப இனி அதப்பத்தி ஒருத்தருக்கிட்டயும் கதைக்காதீங்க" என்றாள். பிறகு வாயைத் திறந்தாள். இரண்டு கரண்டி இறங்கியது.

அஸர் முடிந்து பள்ளிவாசலில், முன்பு அவர் பெருமையைக் கேட்டிருந்த ஹஸன் பிடித்துக்கொண்டார். ஹஸனுக்கு நோய் விசயம் தெரியாது.

"என்ன நூஹுக் காக்கா, ஊட்டுக்காரி நோன்பா?"

"இல்ல" என்றார் நூஹு. "இண்டைக்கு ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சா."