வடக்கு பார்த்த சோலார்

சூரியன் எந்தப் பக்கமாகப் போகிறது என்று நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா? மயிலாப்பூர் பத்ரிநாராயணன் பார்த்ததில்லை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

சகினா தேனாம்பேட்டையில் ஒரு சோலார் பம்ப் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அப்பா ராயப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். "ஸ்பேனர் புடிக்கிற பொண்ண எவன் கட்டுவான்?" என்ற சொந்தக்காரர்களின் வாயை மூடவே டிப்ளமோ படித்தவர்.

உத்திரமேரூர் பக்கம் பத்ரிநாராயணனுக்கு நிலம். குத்தகைக்கு உழுகிறவர் கனகராஜ். பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் சோலார் பம்புக்கு அரசு மானியம். சேற்றில் நிற்கிறவருக்கு இல்லை. வந்த பம்புக்கும் பத்ரிநாராயணனே எஜமானர்.

பலகைகளை மாட்டப் போன சகினாவிடம் அவர் சொன்னார்: "தெக்கு பாத்து வைக்கப்படாதும்மா, எம திசை. வடக்கு, குபேரன்."

"அப்போ சூரியன்கிட்ட சொல்லி வடக்கால போகச் சொல்லுங்க சார்!"

சகினாவின் மேனேஜர் ஃபோனில் கத்தினார்: "கஸ்டமர் சொன்னத செய்மா!" சகினா செய்தார். அது தப்பு, அவருக்கும் தெரியும். சோதனைக்கு வந்த அரசு அதிகாரி திசையைப் பார்க்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே நின்றது. மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே இறங்கியிருக்க, பலகைகள் வடக்கே முறைத்துக்கொண்டிருந்தன. கனகராஜ் சகினாவை ஃபோனில் கூப்பிட்டார்: "மோட்டாரு உச்சிக்குத்தாம்மா எழுந்திரிக்குது, ஒடனே படுத்துக்குது. கத்தரி பூவெடுத்து நிக்குது, வாடுதும்மா. வந்து திருப்பிக் குடு."

எஜமானர் சொல்லாமல் தொட்டால் வேலை போகும். சகினா மயிலாப்பூருக்கு ஓடினார். பத்ரிநாராயணன் சபா கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மார்கழில எதையும் மாத்தப்படாதும்மா. தை பொறக்கட்டும், நாள் பாத்துச் சொல்றேன்."

"செடி செத்துடும் சார்."

"பகவான் பாத்துப்பார்." கார் கிளம்பியது.

பொங்கல் கழிந்து நல்ல நேரம் வந்தது. சகினா போய்த் தெற்கே திருப்பினார். தண்ணீர் பீறிட்டுக் கொட்டியது, காய்ந்த வயலில். செடிகளைப் பிடுங்கி வரப்பில் போட்டிருந்தார் கனகராஜ். "இப்ப ஊத்தி இன்னாம்மா?" என்றார். பத்ரிநாராயணனோ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "சோலார்லாம் சுத்த ஏமாத்து வேலை."

மக்கள் வரிப்பணம், சூரிய ஒளி, ஒருவர் உழைப்பு. மூன்றையும் குபேரனுக்குப் படைத்துவிட்டு ஏப்பம் விடுகிறார்கள்.

உங்கள் பெயரில் பட்டா இருந்து உழுகிறவர் வேறொருவர் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள். சோலார் பலகை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். பஞ்சாங்கத்தைத் தொடாமல், அன்றே திருப்பச் சொல்லுங்கள்.