மொட்டை மாடி சோலாரும் ஓர் ஆக்ஸிஜன் மெஷினும்

வில்லாபுரத்தில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்ட் நான்கு மாடி. இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. என் கணவர் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே நுரையீரல் தடித்துப்போகிற நோய் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தே சொன்னார். முதலில் படியேறினால் மூச்சிரைத்தது. பிறகு சட்டை மாற்றினாலே இரைத்தது. கடைசியில் ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு வீட்டுக்கு வந்தது. அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மெஷின். அதற்குக் கரண்ட் வேண்டும், ராத்திரி பகல் எந்நேரமும்.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் எங்கள் பக்கம் சாயங்காலம்தான் வரும். முந்தின நாளே பேப்பரில் ஏரியா பெயர் போட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது, இன்றைக்கே மாவை ஆட்டிவை, தொட்டியை நிரப்பிவை என்கிற அளவிலான செய்தி. எனக்கு, அவர் மூச்சுக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போடவேண்டிய செய்தி. எங்கள் இன்வெர்ட்டர் அந்த மெஷினை இழுத்துக்கொண்டு மதியம் வரை தாங்காது. அதற்கப்புறம் சிலிண்டர். சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்து ஆட்டோவில் வைத்துக் கொண்டுவருவேன். சில நாள் ஒன்றுதான் கிடைக்கும். அதன் முள் இறங்குவதை, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். பஸ்ஸில் டீசல் முள்ளைப் பார்த்துப் பழகிய கண். எவ்வளவு தூரம் போகும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் சோலார் பேச்சு வந்தது. சங்கத் தலைவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோலார் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"தனி வீட்டுக்காரங்க அவங்கவங்க மாடியில போட்டுக்கறாங்க. அபார்ட்மெண்ட்ல யாருக்கும் சொந்த மாடி கிடையாது. அதனால எல்லாரும் சேர்ந்து ஒண்ணாப் போட்டு, வர்ற பலனைப் பங்கு போட்டுக்கறது" என்றார் அந்த இன்ஜினியர். மாடியே இல்லாதவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், ஓட்டு வீட்டுக்காரர்கள்கூட எங்கோ ஒரு பொட்டலில் சேர்ந்து பேனல் போட்டுக்கொள்கிற ஊர்கள் இருக்கின்றன என்றும் சொன்னார்.

மூன்றாவது மாடி அக்கா கேட்டார், "அப்ப என் வீட்டு ஏசிக்கு நேரா வயர் வருமா தம்பி?"

"வராதுக்கா. பேனல் கரண்ட் பொது மீட்டருக்குப் போகும். லிஃப்ட், தண்ணி மோட்டார், படிக்கட்டு லைட் எல்லாம் அதுல ஓடும். மிச்சம் தெரு லைனுக்குப் போயிரும். அம்புட்டு யூனிட்டையும் நம்ம பொது பில்லுல கழிச்சிருவாங்க. நீங்க மாசாமாசம் கட்டுற மெயின்டனன்ஸ் குறையும்."

"வீட்டு பில்லு?"

"அது வேற மீட்டர். வீட்டுக்கு வீடு பிரிச்சுக் கழிக்கிற முறை சில இடத்துல இருக்கு. நமக்குக் கிடைக்கும்போது மாத்திக்கலாம்."

சிலருக்கு முகம் விழுந்துவிட்டது. துணி காயப்போடுகிற இடம் போய்விடும், வத்தல் போட முடியாது என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. என் மனசில் வேறு கணக்கு ஓடியது. பராமரிப்புக்கு நிறுத்துவது பகலில். பகலில் மதுரை வெயிலுக்கு என்ன குறை? பொது லைனிலிருந்து ஒரு வயரை எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டால், தெருவே அணைந்து கிடந்தாலும் அவருடைய மெஷின் ஓடும். தலைவரிடம் தனியாகக் கேட்டேன். "அந்த ஒரு நாளைக்குத்தானம்மா, தாராளமா இழுத்துக்கங்க" என்றார். நல்ல மனுஷர். அன்றைக்குக் கீழே இறங்கி வந்து என் கணவரிடம் சொன்னபோது, வெகு நாளைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

தை முடிந்ததும் வேலை தொடங்கி, பங்குனி வெயிலுக்கு முன் பேனல் எல்லாம் ஏறிவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து லிஃப்ட் அறையிலிருந்து எங்கள் ஹாலுக்கு ஒரு வயர் இழுத்து, சுவரில் தனியாக ஒரு பிளக் வைத்துக்கொடுத்தார். அந்த மாதப் பராமரிப்பு அறிவிப்பைப் பேப்பரில் பார்த்தபோது முதல் தடவையாக நான் சிம்மக்கல்லுக்கு ஓடவில்லை. வீட்டில் மிச்சமிருந்த சிலிண்டர் ஒன்று போதும் என்று இருந்துவிட்டேன்.

காலையில் கரண்ட் நின்றது. மெஷினின் அலாரம் கூவியது. நான் நிதானமாகவே வயரைப் பிடுங்கிப் புது பிளக்கில் செருகினேன். ஓடவில்லை. சரியாகச் செருகவில்லையோ என்று மறுபடியும் செருகினேன். வெளியே போய்ப் பார்த்தால் லிஃப்டும் செத்துக் கிடந்தது. மெஷினை இன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டு மாடிக்கு ஓடினேன். பேனல்கள் கண்ணைக் கூசுகிற மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. தொட்டால் கை பொத்துப்போகிற சூடு. அங்கிருந்தே அந்த இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"மேடம், லைன்ல கரண்ட் போச்சுன்னா இதுவும் தானா நின்னுரும். அப்படித்தான் செஞ்சிருக்கு" என்றார்.

"வெயில் இம்புட்டு அடிக்குதே தம்பி."

"வெயில் அடிச்சாலும்தான். லைனை நிறுத்திட்டுக் கம்பத்துல ஏறி வேலை பார்ப்பாங்க. நம்ம பேனல் கரண்ட் அந்த லைன்ல போனா அவங்களுக்கு ஷாக் அடிச்சிரும். அதனால நின்னுதான் ஆகணும். தனியா பேட்டரியும் அதுக்கான செட்டப்பும் இருந்தா நம்ம கட்டடத்தை மட்டும் பிரிச்சு ஓட்டலாம். நீங்க போட்டதுல அது இல்ல."

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருமுனைக் கம்பத்தில் ஒருவர் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நின்றவர் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட்டார். அந்த மனுஷர் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் பேனல் நின்றிருக்கிறது. யாரைத் திட்டுவது? யாராவது தப்பு செய்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கீழே வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே, "இல்லையாக்கும்" என்றார். பிறகு, "சரி, சிலிண்டரைக் கிட்டக்க இழு" என்றார். அன்று சாயங்காலம் சிலிண்டர் காலியாகும் முன் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தவர் அதற்கப்புறம் நாலைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. என் மேல் கோபமில்லை என்று எனக்குத் தெரியும். பேசவும் மூச்சு வேண்டியிருந்தது.

பேட்டரி போட முடியுமா என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். முழுக் கட்டடத்துக்கும் வேண்டாம், பொது லைனுக்கு மட்டும், பகலில் தாங்குகிற அளவுக்கு. கூட்டம் லிஃப்ட் பக்கத்து வராந்தாவில் நடந்தது. எல்லோரும் எங்களைத் தெரிந்தவர்கள். அவருக்கு ரசம் கொண்டுவந்து கொடுத்தவர்கள், என்னை ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனவர்கள்.

"இப்பத்தான் அம்புட்டுப் பணம் போட்டு பேனல் வச்சிருக்கோம். இன்னும் அதுவே தேறலை" என்றார் ஒருவர்.

"ஒரு வீட்டுக்காகப் பொதுவுல எப்படிங்க? நாளைக்கு இன்னொருத்தர் அவர் மீன் தொட்டிக்குக் கேப்பாரு" என்றார் இன்னொருவர். கேலியாகச் சொல்லவில்லை. நியாயம் என்று நினைத்தே சொன்னார். மீன் தொட்டி வைத்திருக்கிற நாலாவது மாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர், "அடுத்த வருஷம் பார்ப்போம்மா" என்றார். எங்களுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் கரண்ட் இருக்கிற இடமாகப் பார்த்துப் போக ஆரம்பித்தோம். என் தம்பிக்குச் சமயநல்லூரில் வீடு. வில்லாபுரத்தில் நிறுத்துகிற நாளில் அங்கே நிறுத்த மாட்டார்கள். தம்பி விடியற்காலையில் கார் எடுத்துக்கொண்டு வருவான். அவரை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கி, சிலிண்டரை மடியில் வைத்து, மெஷினைப் பின்னால் போட்டுக்கொண்டு போவோம். சாயங்காலம் அதே மாதிரித் திரும்புவோம்.

ஒரு தடவை போகிற வழியில் டவுன் பஸ் ஒன்று எங்களை முட்டுகிற மாதிரி ஒடித்துப் போனது. அவர் பழக்கத்தில் காலைத் தரையில் அழுத்தினார், பிரேக் போடுகிற மாதிரி. அதற்கே மூச்சு வாங்கிவிட்டது. தம்பி காரை ஓரமாக நிறுத்தினான்.

"மச்சான், பேசாம நம்ம வீட்டுலயே இருந்துருங்க. இந்த அலைச்சல் எதுக்கு?"

"உங்க ஏரியாவுலயும் மாசத்துல ஒரு நாள் நிறுத்துவாங்கல்ல மாப்ள" என்றார் அவர். "அன்னைக்கும் இப்படித் தூக்கிட்டு அலையத்தானே வேணும்?"

தம்பி வண்டியை எடுத்தான்.

ஆடி மாதப் பராமரிப்புக்கு முந்தின நாள், மெஷினைக் கொண்டுபோகத் துணியில் சுற்றி வைப்பதற்காகப் பழைய போர்வையை எடுத்தேன். அவர் கையை ஆட்டினார்.

"நான் வரலை."

"ஏங்க, தம்பி காலையில வந்துருவான்."

"தூக்கி இறக்குறப்ப வலிக்குது. படியில எல்லாரும் நின்னு பார்க்கறாங்க. இங்கயே இருக்கேன். சிலிண்டர் இருந்தா இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும்."

அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. நான் மன்றாடினேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் சிலிண்டர்களை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தோம். மின்விசிறி இல்லாமல் புழுக்கம். நான் விசிறியால் வீசிக்கொண்டே இருந்தேன். தலைக்கு மேல் மொட்டை மாடியில் அத்தனை வெயிலும் பேனல் மேல் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது. அந்த நாளும் கழிந்தது.

அவர் போனது கரண்ட் இருந்த நாளில்தான். புரட்டாசியில், சாதாரணமான ஒரு புதன்கிழமை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் மூக்கில் இருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டர் முதல் நாளே சொன்னதுதான் நடந்தது. ஆனால் கடைசி மாதங்களில் அவர் வாழ்ந்த வாழ்க்கை என்னவென்று எனக்குத் தெரியும். பேப்பரில் எங்கள் ஏரியா பெயர் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு கிடந்தார். அந்தப் பயம் மட்டுமாவது இல்லாமல் போயிருக்கலாம்.

சோலாரால் மெயின்டனன்ஸ் குறைந்தது உண்மை. எல்லோருக்கும் சமமாகக் குறைந்தது. பிறகு வீட்டுக்கு வீடு பிரிக்கிற பேச்சும் வந்தது. அப்போது யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்கு இரண்டு மூன்று ஏசி வைத்திருப்பவர்களுக்கு அது லாபம். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்ட எனக்கு, அரசாங்கம் இலவசமாகத் தருகிற யூனிட்டே மிச்சம். கழிப்பதற்கு என்னிடம் பில்லே இல்லை.

அடுத்த கோடையில் மூன்றாவது மாடி அக்காவின் மாமியார் கரண்ட் போனதில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே எடுப்பதற்குள் மயங்கிவிட்டார். ஒரு வாரத்தில் கூட்டம் போட்டார்கள். லிஃப்டுக்காகப் பேட்டரி வாங்குவதென்று முடிவானது. யாரும் எதிர்க்கவில்லை. நானும் கை தூக்கினேன். அந்த அம்மாவுக்கு வந்த கஷ்டமும் கஷ்டம்தானே.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தலைவர் மட்டும் நின்றார். "அன்னைக்கே செஞ்சிருக்கணும்மா" என்றார்.

"விடுங்க சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். மெஷின் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அந்த ஹாலின் அமைதி இன்றைக்கும் பொறுக்கவில்லை. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.