ஆசீர்வாதத்தின் கோணி

விடியற்காலையில் வாசல் மணலில் குந்திக்கொண்டு ஒரு காலிக் கோணியை முறுக்கிப் பிழிவார் ஆசீர்வாதம். உள்ளங்கையில் ஈரம் ஒட்டும். பிறகு கோணி கிடந்த இடத்துக்குப் பக்கத்து மணலைத் தடவிப் பார்ப்பார். மணல் காய்ந்திருக்கும். "ஸ்தோத்திரம்" என்பார். சொல்கிற தோரணை ஆண்டவரிடம் பதில் வாங்கியவர் மாதிரி இருக்காது. இன்னொரு பாத்தியையும் நீயே மிதி என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்துத் தரையை இறுக்குவதும் உப்பு வாருவதும்தான் அவர் வேலை. ஐம்பது வயதுக்கு எழுபது சொல்லலாம். வெள்ளை வெளேரென்ற உப்பையே பார்த்துப் பார்த்துக் கண் எப்போதும் பாதிதான் திறந்திருக்கும். தெரியாதவர்கள் ஜெபத்தில் இருக்கிறார் என்று ஒதுங்கி நிற்பார்கள். உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே தூங்கக்கூடிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பலகையும் தேவையில்லை.

அவர் தூங்காமல் கேட்ட ஒரே பிரசங்கம் பைபிளில் வரும் கிதியோன் கதை. கடவுளின் சித்தம் என்னவென்று அறிய, அந்தக் கிதியோன் ராத்திரி ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு வைத்தாராம். காலையில் தரை காய்ந்து தோல் மட்டும் பனியில் நனைந்திருந்தால் கடவுள் சரி என்கிறார் என்று அர்த்தம். ஆசீர்வாதத்திடம் ஆட்டுத்தோல் ஏது? உப்பு கட்டின கோணி இருந்தது.

பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், உப்பளத்துக்கு வரலாமா என்று கேட்டார். கோணி நனைந்தது. வந்தார். கத்தோலிக்கப் பெண்ணான அந்தோணியம்மாளைக் கட்டலாமா என்று கேட்டார். நனைந்தது. கட்டினார். மூத்தவனை மெட்ராஸ் ஹார்பருக்கு அனுப்பலாமா? நனைந்தது. போனவன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான், கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை. அந்த ஒருத்தி யாரென்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன், யாரும் கேட்பதில்லை.

அந்தோணியம்மாள் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவார். "எங்க அந்தோணியாரு தொலைஞ்ச பொருளையெல்லாம் கண்டுபுடிச்சுக் குடுக்கறாரு. இந்த மனுசனோட புத்திய மட்டும் இருவத்தஞ்சு வருசமா தேடிக்கினே இருக்காரு."

கூட வேலை செய்யும் கன்னியப்பனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. "ஏம்பா ஆசீர்வாதம், உங்க சாமி என்ன எலெக்‌ஷன்ல நிக்குதா? எது கேட்டாலும் ஆவட்டும், ஆவட்டும்னுதே!"

ஆகாமல் என்ன செய்யும்? உப்பு பட்ட கோணி பனியை விடாது. என் மளிகைக் கடையில் உப்பு மூட்டை சாய்ந்திருக்கும் சுவர் சித்திரை வெயிலிலும் கசிகிறது. உப்பளத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆசீர்வாதத்துக்கு மட்டும் தெரியவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எடுத்துச் சொல்லவும் இல்லை. சொன்னால் சிரிப்பதற்கு வேறு ஆளைத் தேட வேண்டும்.

இந்தத் தை மாதம் அவர் மகள் மார்த்தாளுக்கு ஒரு வரன் வந்தது. திண்டிவனத்தில் விறகுத்தொட்டி வைத்து வியாபாரம் செய்பவர். முதல் மனைவி இறந்துபோய் இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளைக்கு வயது நாற்பது என்று சபை உபதேசியார் சொன்னார். நான் அந்த ஆளைப் பார்த்திருக்கிறேன். நாற்பது என்பது உபதேசியாரின் விசுவாசம். மார்த்தாள் முடியாது என்றாள். தகப்பன் கோணியைப் போட்டார். நனைந்தது.

மறுநாள் உபதேசியார் சைக்கிளை உப்பள வரப்பிலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் புகையிலை கொடுக்கப் போயிருந்தேன், கொடுத்தும் ஆகிவிட்டது, ஆனாலும் நின்றேன்.

"என்னப்பா, ஞாயித்துக்கெழம அவங்கள வரச் சொல்லிடட்டுமா?"

"ஆண்டவர் சொல்லிட்டாருங்க ஐயா" என்றார் ஆசீர்வாதம், சேற்றை மிதிப்பதை நிறுத்தாமல்.

அடுத்த பாத்தியில் மிதித்துக்கொண்டிருந்த மார்த்தாள் நின்றுவிட்டாள். "அது உப்புக் கோணிப்பா. ரோட்டுல போட்டாலும் நனையும், கூரையில போட்டாலும் நனையும். நீ எங்க கேட்ட? ஒருநாளாவது ஆண்டவர வாயத் தொறக்க வுட்டியா?"

கன்னியப்பன்கூடச் சிரிக்கவில்லை. உபதேசியார் இருமிவிட்டு, "பொண்ணு கொஞ்சம் வாய்த்துடுக்கு" என்றார்.

"எனக்கு வேணாம்பா" என்றாள் மார்த்தாள். குரல் இறங்கியிருந்தது. "ஆண்டவரே வந்து சொன்னார்னா போறேன். உப்பு சொல்லி நான் போவமாட்டேன்."

ஆசீர்வாதம் சேற்றுக்குள் நின்றுவிட்டார். இடுப்பில் கை வைத்து, முதுகை நிமிர்த்தப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். "ஐயா, அவங்களுக்கு இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்குச் சொல்றேன்."

"ஆண்டவர் சொன்னப்புறம் நாளைக்கு என்ன?"

"நாளைக்குச் சொல்றேங்க."

சாயங்காலம் என் கடைக்கு வந்தார். கால் கழுவாமலே வந்திருந்தார். நடந்த வழியெல்லாம் சேறு. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"ஒரு கோணி வேணும்பா. உப்பு படாததா."

"ஏன், பழசு ஊமையாயிடுச்சா?" என்றேன். வாய் சும்மா இருக்காது.

சர்க்கரை வந்த கோணி ஒன்று மேலாகக் கிடந்தது, புதுசு மாதிரி. எடுத்து நீட்டினேன். கையால் தொடாமலே வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"சக்கரையும் ஈரத்த இழுக்கும்பா. அரிசிக் கோணி குடு."

இத்தனை வருஷம் யார் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று கணக்குப் போடத் தைரியம் வரவில்லை. உள்ளே போய், அரிசி கொட்டின கோணி ஒன்றை உதறி எடுத்து வந்தேன்.

"இதுவும் நனைஞ்சுதுன்னா?"

"நனைஞ்சா நனையட்டும். காஞ்சா காயட்டும்." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "முடியாதுன்னு வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுப்பா. பயமாத்தான் இருக்குது. அதுக்குன்னு அந்தப் பொண்ணத் தூக்கிக் குடுத்துட முடியுமா?"

கோணியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உள்புறம் வெளியே வரும்படி புரட்டினார். பிறகு, பாதி திறந்திருந்த கண்ணையும் முழுசாக மூடிக்கொண்டு, கோணியின் ஒரு மூலையை எடுத்து நாக்கில் வைத்தார். அப்புறம் அடுத்த மூலையை.