இலைக்கு அடியில் இருந்த வெள்ளை

எங்கள் வீடும் மக்காச்சோளக் காடும் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியை ஒட்டி இருக்கின்றன. காற்று எங்கள் பக்கம் அடித்தால் கொடியில் காயும் துணியெல்லாம் வெடிமருந்துத் தூசி படிந்துவிடும். அதனால் புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, இளம்பயிரின் இலைகளில் வெளிறிய கோடுகளும் வெள்ளைப் பொடியும் தெரிந்ததும், அது கம்பெனித் தூசிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாலு செடியைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போனேன்.

“உங்க தூசிதான் என் வெள்ளாமையக் கெடுக்குது. முதலாளிய வரச் சொல்லுங்க.”

போர்மேன்தான் வந்தார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். “தூசின்னா மேலதானக்கா விழும்? இது அம்புட்டும் அடியிலதான இருக்கு.”

அதே செடிகளோடு வேளாண்மை அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன். அடிச்சாம்பல் நோய் என்றார்கள். நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி அழித்துவிட்டு, மற்றதற்குப் பூஞ்சண மருந்து தெளிக்கச் சொன்னார்கள்.

நான் பிடுங்குவதைப் பார்த்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். “பச்சைப் பயிரப் பிடுங்குறியே, உனக்கென்ன கிறுக்கா?”

“விட்டா மிச்சமும் போயிரும். போய் மம்பட்டிய எடுத்துட்டு வாங்க.”

பக்கத்தில் வெடி ஷெட் இருப்பதால் கொளுத்த முடியாது. குழி வெட்டிப் புதைத்தோம். காடு அங்கங்கே சொட்டை விழுந்தாலும் மீதி கதிர் பிடித்தது.

இப்போது விதைக்கு மருந்து கலந்துதான் ஊன்றுகிறேன். காலையில் பனி காயுமுன் இலைகளைத் திருப்பிப் பார்க்கிறேன். கேட்டில் போய்ச் சத்தம் போட்டதற்கு மட்டும் நான் வெட்கப்படவில்லை. துணியில் தூசி இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்காக மறுபடியும் அந்தக் கேட்டுக்குப் போவேன், கொடியில் காய்ந்த சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு.