கணக்கப்பிள்ளைக்கு அரைப்பேர்

இலங்கை மலையகத்தில் றொசல்லப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சண்முகவடிவிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்வதில்லை. வாய்ச்சண்டைக்குப் போகிறவள் இல்லை அவள். ஆனால் ஒருவர் செய்ததை மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டால் அவிழ்க்கவே மாட்டாள். புருஷன் நல்லமுத்துவோடுகூட ஒரு விஷயத்தில் இன்னும் முழுசாய்ச் சமாதானமாகவில்லை. அந்த விஷயத்துக்குக் காரணமான ஆள் தரணிதரன்.

மகளை வயிற்றில் சுமந்துகொண்டு நிறைமாதத்தில் கொழுந்து எடுத்த காலம் அது. அடைமழை. நிறுக்கும் இடத்துக்கு வந்தால், அப்போது கொழுந்தை நிறுத்துப் பேர் பதிகிற கணக்கப்பிள்ளையாக இருந்த தரணிதரன், கொழுந்தில் தண்ணீர் என்று கிலோக்களை வெட்டிவிட்டு, "அரைப்பேர்" என்றார். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதிநாள் வேலை என்று பதிவதுதான் அரைப்பேர். ஏன் ஐயா என்று கேட்டாள்.

"வயித்தத் தூக்கிக்கிட்டு வந்தா முழுப்பேரா? அதையும் சேத்து நிறுக்கவா?" என்றார்.

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். சாக்குத் தூக்கிக்கொண்டிருந்த நல்லமுத்து குனிந்த தலை நிமிரவில்லை. பாதிச் சம்பளம் போனதை அவள் மறந்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் காதில் கிடக்கிறது. அதே பெண்கள் கேட்க, "நான் செஞ்சது தப்பு" என்று அந்த வாய் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

காலம் மாறி, துரை பங்களா ஹோட்டலானது. தோட்ட வேலையை விட்டுப் போயிருந்த தரணிதரன், கழுத்தில் டை கட்டிக்கொண்டு மேனேஜராக வந்து இறங்கினார். ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதலில் போய் நின்றவள் சண்முகவடிவு.

"எதுக்குடி அந்தாளுகிட்ட போற?" என்று கேட்டாள் அடுத்த காம்பராவில் குடியிருக்கிற வேலாயி.

"பக்கத்துல இருந்தாத்தானே புடிக்க முடியும்," என்றாள் இவள்.

சேர்ந்த அன்றைக்கே புது ஆட்களை உட்காரவைத்து ஐயா வகுப்பெடுத்தார். விருந்தோம்பல் பெரிய தொழிலாம். தங்க இடம் கொடுப்பது ஒரு பிரிவு, சாப்பாடு போடுவது ஒன்று, ரயிலிலும் வேனிலும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று, கல்யாணம் கூட்டம் என்று மண்டபம் நடத்துவது இன்னொன்று. "ரூமும் சாப்பாடும் எங்கயும் கெடைக்கும். இப்ப வர்றவங்க காசு குடுக்கிறது பொழுதுபோக்குக்கு. அனுபவம் வேணுமாம் அவங்களுக்கு," என்றார். சண்முகவடிவு அந்தப் பொழுதுபோக்குப் பிரிவில் போய் விழுந்தாள். விருந்தாளிகளுக்குச் சேலை கட்டிவிட்டு, கூடை மாட்டிவிட்டு, கொழுந்து கிள்ளக் காட்டிக்கொடுத்து, கடைசியில் நிறுத்துச் சொல்ல வேண்டும். மலையில் இப்போது எல்லோரும் உரச்சாக்கைத்தான் மாட்டுகிறார்கள். ஆனால் படத்துக்குப் பிரம்புக்கூடைதான் எடுப்பாம்.

ஒருநாள் விருந்தாளிகளைச் சிரிக்கவைப்பதற்காகத் தரணிதரன் தானே கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினார். அநியாயம் செய்தவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறது பாருங்கள். தராசை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் முத்தல் இலையைப் பொறுக்கி வீசினாள், நிறுத்தாள், நிதானமாகச் சொன்னாள்.

"அரைப்பேர்."

வழிகாட்டி அர்த்தம் சொன்னதும் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். போனால் போகட்டும், வயிறு குளிர்ந்திருந்தது. சாயங்காலம் கூப்பிட்டனுப்பிய தரணிதரன் போனை நீட்டினார். "வந்தவங்க எப்படிப் புகழ்ந்து எழுதியிருக்காங்க பாரு. இனிமே தெனமும் இப்பிடியே செய் வடிவு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் பொத்திப்பொத்தி வைத்திருந்த வஞ்சத்தை, காலைச் சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவில் விற்கிற சரக்காக்கிவிட்டான் அந்த மனுஷன். தினமும் அவள் அரைப்பேர் போட்டாள். தினமும் அவர் தலையில் அடித்துக்கொண்டு நடித்தார். டிசம்பர் சீசனில் கைகூப்பி, "நான் செஞ்சது தப்பும்மா" என்றுகூடச் சேர்த்துக்கொண்டார். கேட்க ஏங்கிய அதே வார்த்தை பல்லிளிப்போடு வந்து விழுந்தது. அன்றைக்கு வீட்டில் அவள் சோற்றைத் தொடவில்லை.

ஹோட்டலுக்கு மேலே உள்ள மலையில் கொழுந்து எடுக்கும் முறை வரும்வரை காத்திருந்தாள். வந்தது. வேலாயியும் அன்றைக்கு வரிசையில் நின்று சிரித்த மற்றப் பெண்களும் மேல் நிரையில் நின்றார்கள். கீழே கொழும்பிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். தரணிதரன் கூடையைக் கொடுத்தார், அவள் அரைப்பேர் என்றாள், அவர் கைகூப்பித் தன் வசனத்தைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

சண்முகவடிவு தராசைக் கீழே வைத்தாள்.

"சிரிக்காம சொல்லுங்க, கணக்கப்பிள்ளை ஐயா."

"என்ன வடிவு..."

"நெறமாசமா உங்க முன்னால நின்னேன். வயித்தையும் சேத்து நிறுக்கவான்னு கேட்டீங்க. அதுக்குச் சொல்லுங்க."

மேலே கொழுந்து ஒடிக்கும் சத்தம் நின்றுபோனது. பாதிப்பேர் இன்னும் நாடகம் என்றே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்த போனை இறக்கினார். தரணிதரனின் முகம் வெளிறியது. ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. விருந்தாளி முன்னால் குரலை உயர்த்த முடியாத தொழில் அவருடையது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

"நான் செஞ்சது தப்பு," என்றார், தொண்டைக்குள்ளேயே.

அவர் முகத்தில் சிரிப்பில்லை. சண்முகவடிவு மேல் நிரையைக் கைகாட்டினாள்.

"அவங்களுக்குக் கேக்கல. சத்தமா சொல்லுங்க."